முதலைத் தொடாமல் வட்டியில் வாழும் பேஸ்மேக்கர்

1958 அக்டோபர் 8 அன்று, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் உலகிலேயே முதன்முறையாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அக்கருவி சில மணி நேரமே இயங்கியது. ஆயினும் லார்சன் 2001 வரை, 86 வயது வாழ்ந்தார். அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் அவருக்கு மாற்றப்பட்டன.

இன்றைய லித்தியம் பேட்டரி பல ஆண்டுகள் உழைக்கிறது. ஆனால் அது மின்சுற்றோடு சேர்த்து ஒரே உறைக்குள் மூடப்பட்டிருப்பதால், மின்னூட்டம் தீரும்போது கருவியையே மாற்ற வேண்டும். அதற்கு மீண்டும் ஓர் அறுவை சிகிச்சை, மீண்டும் செலவு, கிருமித்தொற்று ஏற்படும் அபாயமும் உண்டு. இளம் வயதில் கருவி பொருத்திக்கொண்டவர் இதனைப் பலமுறை எதிர்கொள்ள நேரிடும்.

வைப்புத்தொகையின் முதலைச் சிறிது சிறிதாக எடுத்துச் செலவிடுவது போன்றது இது. வட்டியை மட்டும் கொண்டு கருவியை இயக்க இயலாதா என்பதே ஆய்வாளர்களின் வினா. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் ஒரு வாட். பேஸ்மேக்கருக்குத் தேவைப்படுவதோ ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் சில பங்குகளே.

சில பீங்கான் பொருள்கள் வளையும்போது மின்சாரம் தரும். இத்தன்மையைக் கொண்டு, இதயத்துடிப்பால் மார்பில் எழும் அதிர்வை மின்சாரமாக்கும் கருவியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமீன் கரமியும் டேனியல் இன்மனும் 2012-இல் வடிவமைத்தனர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கையசைவால் தானே சாவி ஏறும் கைக்கடிகாரத்தின் உட்பொறியை ஒரு பன்றியின் இதயத்தில் தைத்துப் பொருத்தினர். அதிலிருந்து கிடைத்த மின்சாரத்தால் நிமிடத்துக்கு 130 துடிப்புகளைத் தூண்ட முடிந்ததென 2014-இல் அறிவித்தனர்.

இம்முயற்சிகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. கருவி இதயத்துக்குச் சுமையாகிவிடக் கூடாது. பத்து ஆண்டுகளில் முப்பத்தாறு கோடி அசைவுகளைத் தாங்க வேண்டும். இதயம் தளரும் வேளையில்தான் பேஸ்மேக்கர் மிகவும் தேவை. அப்போது வரவு குறையும் என்பதால், சேமிப்பிலும் சிறிது இருப்பு வேண்டும்.

அதுவரை, பேஸ்மேக்கர் பொருத்தியுள்ளோர் உரிய கால இடைவெளியில் பரிசோதனைக்குச் செல்வது நலம். பேட்டரியின் எஞ்சிய ஆயுள் அங்கே முன்கூட்டியே தெரிந்துவிடும். வைப்புத்தொகையின் முதிர்வுத் தேதியைக் குறித்து வைப்பது போல அதனையும் குறித்து வைப்போம். மாற்றுச் சிகிச்சைக்கான தொகையையும் காப்பீட்டு விதிகளையும் இன்றே சரிபார்த்துக்கொள்வோம்.