கொழுந்து மலையில் பெண் குரல்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் பதிந்து, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிய பெண்கள் மேற்பார்வை பார்க்கும் கங்காணியிடம் வாய் திறந்தால் 'அரைப்பேர்'தான். பாதி நாள் சம்பளம் போய்விடும். ஆனால் பாட்டுக்கு யார் அரைப்பேர் போடுவது? இலங்கை மலையகத்தின் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் கும்மியோடும் தாலாட்டோடும் ஒப்பாரியோடும் கங்காணியின் அதட்டலும் லயத்து வரிசை வீட்டு வாழ்க்கையும் கலந்தே ஒலித்தன. இத்தகைய மலையகப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து நூலாக்கினார். கட்டியவர்கள் யாரென்று அந்தப் பாடல்கள் சொல்வதில்லை.

பெயர் நிலைத்தவர் மீனாட்சியம்மாள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி என்று மட்டும் அவரைச் சொல்லிவிட்டுப் போவது அநியாயம். 1930களில் தோட்டக் கூட்டங்களில் பாரதியார் பாடல்களையும் தாமே இயற்றியவற்றையும் பாடி ஆட்களைத் திரட்டினார். பத்திரிகைப் பணியிலும் பங்கெடுத்தார். பெண் மேடையேறுவதே அரிதாயிருந்த காலம் அது. 1940இல் அவர் பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற நூலாயின. தலைப்பைப் பார்த்தால் அரசாங்க அறிக்கை; பிரித்தால் அத்தனையும் உரிமைப் பாட்டு.

அதே 1940இல் தோட்ட வேலைநிறுத்த அலை, பதுளை அடங்கிய ஊவா மாகாணத்துக்கும் பரவியது. பதுளை வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கெனச் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர்.

இத்தனை பாட்டுக்கும் போராட்டத்துக்கும் பிறகும், கொழுந்தெடுத்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது.