திருத்தணித் திருவிழாவும் வாடகை வீடுகளும்

ஆடிக் கிருத்திகை நெருங்கியதும் திருத்தணியிலும் சுற்றுக் கிராமங்களிலும் திண்ணை கழுவிக் கூடத்தை ஒழித்து வைப்பதைக் காணலாம். காவடி எடுக்கும் அன்பர்கள் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் திரளாக வருகின்றனர். 1960 ஏப்ரல் முதல் தேதி இவ்வூர் சித்தூர் மாவட்டத்தினின்று நீங்கி நம் மாநிலத்துடன் இணைந்தது. யாத்திரிகர் வரும் வழி மாறவில்லை. சத்திரங்கள் நிரம்பியதும் பல குடும்பங்கள் சொந்த வீட்டையே நாள் வாடகைக்கு விடுகின்றன. விதைச் செலவு நெருக்கும் மாதத்தில் அவ்வரும்படி சிறிதன்று. அதைத் தடுப்பது என் நோக்கமும் அன்று. ஒரு வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்பதே கேள்வி.

1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் ‘தங்கும் விடுதி’ என்பதற்கு விரிந்த பொருள் தருகிறது. கட்டணம் பெற்று, வந்துபோவோருக்குப் படுக்க இடமளிக்கும் எவ்விடமும் அதில் அடங்கும். விடுதியைப் பதிவு செய்யவும், தங்குவோர் தொகைக்கு வரம்பு கட்டவும் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதில் இடமுண்டு. இங்கிலாந்தில் 1851லேயே இதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது.

நம்மவர் பாய்களை எண்ணியே ஆட்களைச் சேர்க்கின்றனர். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறையில் ஆறு பாய்கள் விரியும். நடுவிரவில் எழுந்து செல்ல வழி இராது. அதே அறையில் அடுப்பும் மூட்டி, கொசுவுக்கு அஞ்சி ஜன்னலையும் சாத்தினால் நேரக்கூடியதைச் சொல்லவேண்டியதில்லை.

என் கணக்கில் பாயைவிட முக்கியமானது கழிப்பறை. ஐவருக்கென அமைந்த மலத்தொட்டியில் கழிவு ஏறக்குறைய ஒரு நாளாவது தங்கினால்தான் கசடு அடியில் படியும். முப்பது பேர் நீர் ஊற்றும்போது அது தங்குவதில்லை. கசடும் சேர்ந்தே வெளியேறி மண்ணில் இறங்குகிறது. சென்ற ஆண்டு ஒரு கிராமத்தில் இப்படித்தான் மூன்றாம் நாள் அடுத்த வீட்டுக் கிணறு நாறிற்று. வாடகை பெற்றவர் ஒருவர், கிணற்றை இழந்தவர் மற்றொருவர்! வயிற்றுப்போக்கும் காலராவும் பரவுவது இத்தகைய நீரினாலேயே.

ஆகவே வீட்டாரையும் சேர்த்து எண்ணிக் கழிப்பறையும் தண்ணீரும் தாங்கும் அளவோடு நிறுத்துக. நகரத்தார் நகராட்சியிலும் கிராமத்தார் ஊராட்சியிலும் முன்கூட்டியே விசாரிப்பது நலம்.

ஆனால், ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் முதியவள் அன்றிரவு எங்கே படுப்பாள்? இக்கேள்வியை ஊராட்சிகளும் ஏற்கவேண்டும். பள்ளிக்கூடத் தாழ்வாரம், கூரைப் பந்தல், தற்காலிகக் கழிப்பறை, குளோரின் இட்ட குடிநீர் ஆகிய நான்கையும் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னரே தீர்மானித்தால்தான் வீட்டுக்காரரிடம் வரம்பைப் பேச நமக்கு வாய் எழும்.