கூடவே ஓர் அமிலம்

சென்ற வாரம் தொடர் கந்தக அமிலத்தில் நின்றது. நிலக்கரிப் புகையில் கிளம்பும் கந்தக டை ஆக்சைடு வெயிலில் அமிலமாகி, அந்த ஆவி நீராவியோடு திரண்டு துகளாகிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். ஆனால் கணக்கு உதைத்தது. தரைமட்டக் காற்றில் துகள்கள் பிறக்கும் வேகம், அமிலமும் நீரும் மட்டும் தரக்கூடியதைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்தது.

வேறெதுவோ கைகொடுக்கிறது.

2004-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ரென்யி ஜாங் குழு அதில் ஒன்றை அடையாளம் கண்டது. ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற மரியோ மொலினாவும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். கந்தக அமில ஆவியில் பென்சாயிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களைத் துளியளவு கலந்ததும் துகள் பிறப்பு பல மடங்கு எகிறியது. ஜாம், சாஸ் பாட்டில்களின் லேபிளில் தென்படும் சோடியம் பென்சோயேட் இந்த அமிலத்தின் உப்புதான். நகரக் காற்றிலோ, வண்டிப் புகையில் வரும் டொலுயீன் போன்றவை சிதைந்து இத்தகைய அமிலங்கள் உண்டாகின்றன.

துகளுக்குக் கண்டம் முதல் கட்டத்தில்தான். சில மூலக்கூறுகள் சேர்வதும் உடனே கலைவதுமாக இருக்கும். இந்தக் கரு ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டரைத் தாண்டினால்தான் பிழைக்கும். பென்சாயிக் அமிலத்தின் கார்பாக்சில் முனை கந்தக அமிலத்தை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனால் கலையும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் அதன் மறுபக்கம் நீரை ஏற்காத வளையம். ஆகவே கருவைத் தாங்கிப்பிடிக்கும் அதே மூலக்கூறு, அது மேலும் பருப்பதற்கு இடைஞ்சலாகவும் இருக்கலாம். இந்த இரட்டைக் குணத்தை விட்டுவிட்டு எழுதப்படும் விளக்கங்கள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

பைன் மரங்களுக்கும் இதில் பங்குண்டு. அவற்றின் மணத்துக்குக் காரணமான ஆல்ஃபா பைனீன், ஓசோனோடு வினைபுரிந்து பினோனிக் அமிலத்தைத் தருகிறது. அந்த அமிலத்தின் ஒரே ஒரு மூலக்கூறும் மூன்று முதல் ஐந்து கந்தக அமில மூலக்கூறுகளும் சேர்ந்தால் கரு உருவாகும் என்று 2009-இல் ஜாங் குழு காட்டியது. காடும் ஆலைப்புகையும் கூட்டாகப் பெற்ற துகள் அது.

புகையே இல்லாவிட்டால்? ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 26 கன மீட்டர் எஃகுக் கலத்தில் நடக்கும் கிளவுட் சோதனை 2016-இல் விடை தந்தது. கந்தக அமிலம் இல்லாமலே, ஆக்சிஜன் ஏராளமாக ஏறிய பைனீன் மூலக்கூறுகள் தாமாகவே துகளாயின. விண்கதிர்கள் உண்டாக்கும் அயனிகள் அதை இன்னும் விரைவுபடுத்தின. தொழிற்புரட்சிக்கு முந்தைய வானத்திலும் மேகங்களுக்கு வித்தாகும் துகள்கள் போதுமான அளவு இருந்திருக்கலாம் என்பது இதன் பொருள். அப்படியானால், ஆலைப்புகை மேகங்களை வெளுக்கவைத்துப் பூமியைக் குளிர்வித்த அளவு இதுவரை கூடுதலாகவே மதிப்பிடப்பட்டிருக்கிறது.

பிறந்த துகள் மேகத்துளிக்கு வித்தாக வேண்டுமானால், 50 முதல் 100 நானோமீட்டர்வரை வளர வேண்டும். அந்த வளர்ச்சிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த வாரம்.