எம்.எட். ஆய்வா? கேள்வியைச் சின்னதாக்குங்க!

எம்.எட். படிப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் சொல், 'டிசர்ட்டேஷன்'. தலைப்பு கிடைத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிக்கலே அதற்குப் பிறகுதான்.

நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். 'டவுன்ஷிப் பிள்ளைகள் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளைவிட நன்றாகப் படிக்கிறார்களா?' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மதிப்பெண்ணில் வித்தியாசம் வந்தால் காரணம் பள்ளியா, பெற்றோரின் படிப்பா, நிரந்தர வேலைக்கும் ஒப்பந்த வேலைக்குமான சம்பள இடைவெளியா? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த குடும்பம் என்றால் இன்னும் குழப்பம்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுப்பாடம் என்னவாகிறது?' ஷிஃப்ட் சுழன்று வருவதால், அதே பிள்ளையை அதே பிள்ளையோடு ஒப்பிடலாம். வருமானமும் பெற்றோர் படிப்பும் குறுக்கே வராது. ஒரு சுற்று மட்டும் பார்த்தால் போதாது. நைட் ஷிஃப்ட் நேரத்தில் பரீட்சை வந்துவிட்டால்?

எங்கே சந்திப்பது என்பதும் முக்கியம். 2005-ல் பிரதம் அமைப்பு தொடங்கிய 'அசர்' கணக்கெடுப்பு, கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பை வீட்டுக்கே போய்ச் சோதிக்கிறது. பள்ளியில் மட்டும் சோதித்தால், அன்று வராத பிள்ளை கணக்கிலேயே வராதே!

கேள்வித்தாளை முதலில் பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள். 'அடிக்கடி' என்பது ஒரு பிள்ளைக்குத் தினமும், இன்னொரு பிள்ளைக்கு வாரம் ஒருமுறை. பெற்றோர் சம்மதமும் பள்ளியின் அனுமதியும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஆண்டுத்தேர்வு நெருங்கிவிட்டால், எந்தத் தலைமையாசிரியரும் ஒரு பீரியடைக்கூடத் தரமாட்டார்.