பிழைச் செய்திகளின் தமிழாக்கம்: தொடரமைப்பும் கோப்புக் கையாளுகையும்

தட்டச்சு செய்யப்படும் கட்டளைகளால் இயங்கும் நிரலாக்கக் கருவிகள், தம்மால் ஒரு செயலை முடிக்க இயலாதபோது அதனைப் பெரும்பாலும் ஒரே வரியில் அறிவிக்கின்றன. அவ்வரியைத் தமிழாக்குவோர்க்கு நேரும் இடர்ப்பாடு கலைச்சொல் தேர்வோடு முடிவதில்லை. தமிழ்த் தொடரமைப்பும், கருவி கோப்பைக் கையாளும் முறையும் அதில் பங்கு பெறுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1. செய்தியின் உறுப்புகள்

யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில் ஒரு செயல் தோல்வியுற்றால் அதன் காரணம் ஓர் எண்ணாகத் தரப்படுகிறது. லினக்சில் 2 என்பது ‘அப்பெயரில் கோப்போ அடைவோ இல்லை’ என்பதையும், 13 என்பது ‘அனுமதி இல்லை’ என்பதையும் குறிக்கும். எந்தக் கோப்பு, எந்தச் செயல் என்பவற்றை இவ்வெண் சுட்டாது. அவற்றைச் சேர்ப்பது கருவியின் கடமை. புதிய கோப்பை உருவாக்கும்போதும் எண் 2 வரக்கூடும். அங்கே இல்லாதது கோப்பன்று. அதனை வைக்க வேண்டிய அடைவு. அவ்விடத்தில் ‘கோப்பு இல்லை’ எனச் சுருக்கி மொழிபெயர்த்தால் பயனர் திசைமாறிச் செல்வார்.

2. வேற்றுமை உருபும் கோப்புப் பெயரும்

ஆங்கிலத்தில் கோப்பின் பெயர் வடிவம் மாறாமல் வினையின் பின் நிற்கும். தமிழில் அது இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்கும். ‘கணக்கு’ என்னும் பெயர் ‘கணக்கைத் திறக்க இயலவில்லை’ என வரும்போது ஈறு திரிகிறது. பயனர் அதனை அப்படியே படியெடுத்து மீண்டும் கட்டளையில் இட இயலாது. இயங்கும் வேளையில் எப்பெயர் வரும் என்பதும் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. “‘கணக்கு’ என்னும் கோப்பைத் திறக்க இயலவில்லை” என அமைத்தால் உருபு பொதுப்பெயரைச் சேர்கிறது; சிறப்புப்பெயர் திரியாது நிற்கிறது. இங்கு ‘இயலாது’ என்பதும் பொருந்தாது. அஃது என்றும் நிகழாமையை உணர்த்தும்; ‘இயலவில்லை’ என்பதோ இம்முறை நிகழாமையை உணர்த்தும்.

3. துண்டுத் தொடரும் எண்ணும்

வினை, பெயர், காரணம் ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக வைத்து நிரலில் ஒட்டினால் ஆங்கிலச் சொல்வரிசையே எம்மொழிக்கும் நிலைத்துவிடும். குனு திட்டத்தின் கெட்டெக்ஸ்ட் கருவித்தொகுதியின் கையேடு முழு வாக்கியங்களையே மொழிபெயர்ப்புக்குத் தர அறிவுறுத்துகிறது. எண்ணிட்ட இடக்குறிகளைப் பயன்படுத்தினால் மொழிபெயர்ப்பாளர் உறுப்புகளை முன்பின்னாக மாற்றி வினையை ஈற்றில் வைக்கலாம். ‘1 கோப்பு அழிக்கப்பட்டது’, ‘5 கோப்புகள் அழிக்கப்பட்டன’ என எழுவாயும் பயனிலையும் சேர்ந்தே மாறுவதால், பன்மை விகுதியை மட்டும் ஒட்டுவது போதாது. ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி வாக்கியம் வேண்டும்.

4. கோப்பின் நிலையும் சொல்லின் உண்மையும்

‘கோப்பில் எழுத இயலவில்லை’ என்பதைப் படிப்பவர் முதலில் அறிய விரும்புவது, தம் பழைய உள்ளடக்கம் எஞ்சியுள்ளதா என்பதே. பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டு அதன்மீதே எழுதும் கருவி, வட்டு நிரம்பி இடையில் நின்றால் இதற்கு நல்ல விடை தர இயலாது. அதே அடைவில் தற்காலிகக் கோப்பொன்றை முழுதும் எழுதி முடித்த பின்னரே அதனைப் பழைய பெயருக்கு மாற்றும் கருவியோ, ‘பழைய கோப்பு மாறாமல் உள்ளது’ என்று துணிந்து கூறலாம். போசிக்ஸ் தரம் இப்பெயர்மாற்றத்தை இடைநிலையற்ற ஒரே செயலாக வரையறுக்கிறது.

எனவே மொழிபெயர்ப்பாளர் செய்திப் பட்டியலை மட்டும் பெற்றுப் பணியைத் தொடங்குதல் போதாது. ஒவ்வொரு செய்தியும் எந்நிலையில் தோன்றுகிறது, அப்போது கோப்பு எந்நிலையில் உள்ளது என்பவற்றை நிரலாளரிடம் கேட்டறிதல் வேண்டும். அவ்விடை கிடைக்காதவிடத்து, இலக்கணப் பிழையற்ற தொடரும் பயனரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும்.