முப்பது வயதை நினைத்து மூன்று வயதில்

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதும் பெற்றோர் கேட்பது, "எப்போது சரியாகும்?" இது காய்ச்சலைப் போல வந்து போவதில்லை, பிள்ளையின் மூளை வளரும் விதமே வேறு. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். முப்பது வயதில் இவன் எப்படி வாழ வேண்டும் என்பதிலிருந்து பேசுவோம்.

மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும், ஆட்டிச அறிகுறிகளைக் கவனிக்க எம்-சாட் எனும் கேள்வித்தாள் தருவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்" என்று பாட்டி சொன்னாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். டாக்டர் உறுதி செய்தால் சமூகநல இலாகாவில் ஓ.கே.யு. எனும் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதவி கேட்டுப் போகும் இடங்களில் அது கைகொடுக்கும்.

லூபோக் சீனா போன்ற ஊர்களில் வீட்டில் தமிழ், வெளியில் மலாய். "ஒரே மொழியில் பேசுங்கள், குழம்பிவிடுவான்" என்பார்கள். இரு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு தாமதமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மாவும் தாத்தாவும் பேசும் தமிழை அவனிடமிருந்து பிடுங்காதீர்கள்.

இனி வேலை பழக்குவது. தேத்தண்ணி கலக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு, கடைசியில் கரண்டியால் கலக்குவதை மட்டும் அவனிடம் விடுங்கள். வேலையை முடித்தவன் அவன்தான். அந்த மகிழ்ச்சி அவனுக்குக் கிடைக்கும். அது கைவந்ததும் சீனி போடுவதையும் அவனிடம் விடுங்கள். பிறகு தூளை வடிப்பது. கொதிநீர் கடைசியில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஒவ்வொரு படியையும் படம் எடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள்; வாய்ச்சொல் காற்றோடு போகும், படம் அங்கேயே இருக்கும். குளிப்பது, சட்டை மாட்டுவது, கடையில் காசு கொடுத்து மிச்சம் வாங்குவது, எல்லாம் இதே வழிதான்.

இதையெல்லாம் ஏன் இப்போதே தொடங்க வேண்டும்? அரசாங்கப் பள்ளிகளின் சிறப்புக் கல்வி வகுப்பு 19 வயதோடு முடிகிறது. அதன்பின் பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையங்கள் உண்டு. 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் அது. ஆனால் மையம் மட்டும் போதாது, ஊரும் வேண்டும்.

அப்படி ஊரோடு வாழ்ந்த ஒருவரைப் பாருங்கள். மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதலாவதாக வரும் சிறுவன், அமெரிக்காவின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். சிறுவயதில் ஒரு விடுதியில் சேர்த்த பெற்றோரே திரும்ப அழைத்து வந்தார்கள். பிறகு அவனைத் தங்களோடு வைத்திருந்த ஒரு விவசாயத் தம்பதி, சோள வரிசைகளை எண்ணும் அவன் பழக்கத்தைத் தடுக்காமல், உழுதுகொண்டே எண்ணவிட்டார்கள். வளர்ந்து வங்கியில் வேலை செய்தார், கார் ஓட்டினார், தனியாகப் பல நாடுகள் போய் வந்தார். 2023-இல் 89 வயதில் காலமானார். வசதியான குடும்பம்தான், வங்கியிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. ஆனாலும் ஊர்க்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டதைப் பணம் மட்டும் வாங்கித் தந்திருக்காது.

ஆகவே பிள்ளையை வீட்டுக்குள் மறைக்காதீர்கள். உறுமி மேளச் சத்தம் அவனுக்குத் தாங்காவிட்டால் திருவிழா அன்று வேண்டாம், கூட்டமில்லாத சாதாரண நாளில் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். மளிகைக் கடைக்காரரிடம், "பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நமக்குப் பிறகும் அவன் இந்த ஊரில்தான் வாழப்போகிறான். ஊர் அவனை இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.