உங்களுக்குத் தெரியுமா? எச்.ஐ.வி. இருந்தாலும் முரட்டுக் காசநோய் குணமாகும்

மருந்துக்கு அடங்காத காசநோயோடு எச்.ஐ.வி.யும் சேர்ந்துவிட்டால் பிழைப்பது கடினம் என்ற அச்சம் பழையது. 2020-இல் வெளியான தென்னாப்பிரிக்க நிக்ஸ் ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. பெடாகுயிலின், பிரெடோமனிட், லினசோலிட் மூன்றையும் சுமார் ஆறு மாதம் உட்கொண்ட 109 பேரில் பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது, இருந்தும் பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். ஆய்வில் கிடைக்கும் கவனிப்பு காஞ்சிபுரத்தில் கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. லினசோலிட் கைகால்களை மரத்துப்போகச் செய்யும். அறுந்த பட்டிழையை விரல்நுனியால் முடிச்சிடும் நெசவாளிக்கு அது சின்ன விஷயமல்ல. எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ், பெடாகுயிலினின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும். ஆனால் முதலாவதற்கு லினசோலிட்டின் அளவைக் குறைக்கலாம், இரண்டாவதற்கு எஃபாவிரென்ஸுக்குப் பதிலாக டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருக்கிறது. பழைய சிகிச்சையோ பதினெட்டு மாதத்துக்கு மேல் இழுக்கும். அதன் ஊசிகளால் செவித்திறன் இழந்தவர்கள் பலர். சேலைக் கணக்கில் கூலி வாங்குபவரால் அத்தனை காலம் தறியை விட்டிருக்க முடியாது.

காசநோய்க் கிருமியிடம் மருந்து எதிர்ப்பு உருவாகாமல் தடுக்கும் வழி தினசரி மருந்து என்பதைச் சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமே காட்டியது. எச்.ஐ.வி.யோடு சாதாரணக் காசநோய் உள்ளவர்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட அதன் ஆய்வில், தினசரி மருந்து எடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் தேறினார்கள். வாரம் மூன்று நாள் எடுத்தவர்களில் 77 சதவீதம்தான்.